எல்லாத் திரைக்குப் பின்னாலும் என் ஒற்றன்

மீன்பிடித் தடைக்காலத்தில் மணப்பட்டுக் கடற்கரைக்குப் போய், கரையேற்றிக் கிடந்த படகுகளுக்கு நடுவே நின்றுகொண்டு, "வஞ்சிரம் இருக்கா?" என்று கேட்ட ஆள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வேறு யாராவது சொல்லி உங்களுக்குத் தெரிய வருவதைவிட நானே சொல்லிவிடுவது நல்லது. பெரிய படகுகள் கடலுக்குப் போகக் கூடாத காலம் அது. சின்னப் படகுகள் கரையோரமாகப் போய்ப் பொடிமீன் கொண்டுவருவதோடு சரி. வஞ்சிரம் எங்கிருந்து வரும்? பாகூரில் உரக்கடை வைத்திருப்பவன்தான் என்றாலும் இதுகூடத் தெரியாத ஆள் இல்லை நான். நான் போனது மீனுக்காக அல்ல, ஒரு சந்தேகத்துக்காக. வஞ்சிரம் நான் போட்டுக்கொண்ட மாறுவேடம். மாறுவேடம் போடுகிறவன் கொஞ்சம் யோசித்துப் போட வேண்டும் என்பது அதற்கப்புறம்தான் புரிந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் ஐந்து பேர் கைப்பேசியில் ஒரு குழு வைத்துக்கொண்டு சேர்ந்து கதை எழுதிக்கொண்டிருந்தோம். ஆளுக்கொரு பாத்திரம். ஒருவர் தன் பாத்திரம் என்ன செய்தது, என்ன பேசியது என்று எழுதிவிட்டுக் கடைசியில் 'ஓவர்' என்று போடுவார். அடுத்தவர் அங்கிருந்து பிடித்துக்கொள்ள வேண்டும். கதை நடக்கும் இடம், ஏதோ ஒரு காலத்து ஏதோ ஒரு துறைமுகப் பட்டினத்தின் அரண்மனை. ராணியாக எழுதியவர் வில்லியனூரில் மருந்துக்கடை நடத்தும் பெண். குழுவைத் தொடங்கியவரும் அவரே. தளபதியாக எழுதியவர் மூலக்குளத்தில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். பூக்காரி, எங்கள் பின்தெருவில் ட்யூஷன் எடுக்கும் டீச்சர். படகோட்டி, மணப்பட்டுக்காரர். அங்கே ஐஸ் ஃபேக்டரியில் வேலை, கல்யாணமாகிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் ஒற்றன்.

ஒற்றன் வேடத்தை நானே கேட்டு வாங்கினேன். உரக்கடையில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஊர் விஷயம் தானாக வந்து சேரும். யார் கரும்பில் பூச்சி, யார் வீட்டில் பாகப்பிரிவினை, எவன் எவனோடு பேசுவதில்லை, எல்லாம் யூரியா மூட்டையோடு சேர்ந்தே கல்லாவுக்கு வந்துவிடும். எனவே அனுபவம் இருக்கிறது என்று நினைத்தேன்.

ஆரம்பத்திலேயே ராணியம்மா இரண்டு விதிகள் போட்டிருந்தார். ஒன்று, அடுத்தவர் பாத்திரத்தின் கையையும் காலையும் நாம் அசைக்கக் கூடாது. மற்றது, நிஜ வாழ்க்கையில் யாருக்காவது வேலை வந்துவிட்டால், சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போகக் கூடாது, தன் பாத்திரத்தையும் எங்காவது அனுப்பிவைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அதனால் மருந்துக்கடையில் சரக்கு வந்து இறங்கினால் ராணி பூஜையில் அமர்ந்துவிடுவாள். டைல்ஸ் கடையில் லாரி வந்தால் தளபதி எல்லைக்குக் குதிரையைத் தட்டிவிடுவார். பிள்ளைகளுக்குப் பரீட்சை என்றால் பூக்காரி தாய்வீடு போவாள். ஐஸ் ஃபேக்டரி முழு மூச்சாக ஓடினால் படகோட்டி ஆழ்கடலில் இருப்பான். நடவு சமயத்தில் என் ஒற்றன் பகை நாட்டுக்குள் ஊடுருவிவிடுவான். வேலை முடிந்ததும் அவரவர் திரும்பி வந்து, "பட்டினத்தின் காற்று மாறியிருந்தது" என்று எழுதுவோம். எல்லோரும் அதையே எழுதுவோம். காற்றும் பாவம், எத்தனை தடவைதான் மாறும்?

நான் மற்றவர்களிடம் கண்ட குறைகளைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. தளபதியை யாராலும் காயப்படுத்த முடியாது. சுற்றி நின்று அம்பு விட்டால், ஒன்றை மட்டும் இரண்டு விரலால் பிடித்து முறித்து, அதிலேயே பல் குத்துவார். மற்ற அம்புகள் வெட்கப்பட்டுக் கீழே விழுந்துவிடும். ஒருமுறை, "ஒற்றன் பயத்தில் நடுங்கினான்" என்று வேறு எழுதிவிட்டார். என் ஆளின் நடுக்கம் என் சொத்து, அதில் கை வைக்க நீங்கள் யார் என்று நான் போட்ட சண்டையில் கதை ஒரு வாரம் நின்றது. பூக்காரி வாயைத் திறந்தால் அழுகை. அவள் அப்பா ஒரு சமயம் கடலில் மூழ்கிச் செத்தார், இன்னொரு சமயம் போரில் செத்தார், அப்புறம் ஒரு திருவிழாவில் உயிரோடு வந்து அவளுக்குப் பொரி உருண்டை வாங்கிக் கொடுத்தார். கேட்டதற்கு, "அது வளர்ப்பு அப்பா சார்" என்றார் டீச்சர். ராணியோ நிலாவைப் பார்த்துவிட்டால் போதும், வெட்டு குத்து நடந்துகொண்டிருந்தாலும் அத்தனை பேரும் வாளை உறையில் போட்டுவிட்டு நிலா முடியும்வரை காத்திருக்க வேண்டும்.

படகோட்டி இதற்கெல்லாம் நேர் எதிர். நாங்கள் பக்கம் பக்கமாக எழுதிக் கொட்டுவோம். புயல், துரோகம், ராணியின் கண்ணீர். அவரிடமிருந்து பதில் வரும்: "துடுப்பு போட்டான். ஓவர்."

என் ஒற்றனைப் பற்றி யாரும் ஒரு குறையும் சொன்னதில்லை. ஆகவே குறையே இல்லை என்று நினைத்திருந்தேன். மணப்பட்டு வஞ்சிரத்தைவிட இது பெரிய மடத்தனம்.

தடைக்காலம் தொடங்கியிருந்த அந்தச் சமயத்தில் என் ஒற்றன் ஓர் அற்புதம் செய்தான். ராணியும் படகோட்டியும் கழிமுகத்தில் தனியாகப் படகில் போகிற காட்சி. ராணி நிலாவை முடித்துவிட்டு, "உன்னைப் பற்றி நீ எதுவும் சொன்னதில்லையே" என்று படகோட்டியிடம் கேட்டு ஓவர் போட்டிருந்தாள். அடுத்து படகோட்டியின் முறை. காலையிலிருந்து அவர் பெயருக்குக் கீழே 'டைப்பிங்' என்று வருவதும் போவதுமாக இருந்தது, ஒன்றும் வந்து சேரவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. தண்ணீர் நடுவே திரை கிடையாது, தூண் கிடையாது, ஒற்றன் எங்கே ஒளிவான்? பொட்டாஷ் நிறுத்துப் போட்டபடியே யோசித்தேன். பளிச்சென்று வந்தது. படகுக்கு அடியில்! நாணல் தண்டால் மூச்சு விட்டபடி! படகோட்டிக்கு ஒரு ரகசியத்தையும் நானே ஊகித்து உடனே எழுதினேன். ஒற்றன் தண்ணீரிலிருந்து தலையை நீட்டினான், தலையில் ஒரு அல்லிப்பூ. "தேவி, இவன் உங்கள் தந்தை தண்டித்துக் கொன்ற மாலுமியின் மகன். எனக்கு முதலிலேயே தெரியும்" என்று சொல்லிக் கண்ணடித்தான். ஓவர்.

போட்டுவிட்டுக் கைதட்டலுக்குக் காத்திருந்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வாயடைத்துப் போய்விட்டார்கள் என்று முடிவு செய்து, பக்கத்துக் கடையில் ஒரு டீ சொல்லிக் குடித்தேன்.

இரண்டு நாள் கழித்து, ஒரே மத்தியானத்தில், ராணி பூஜைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் தளபதி எல்லைக்குப் போனார். பூக்காரி தாய்வீடு. படகோட்டி, "கடலுக்குப் போனான். ஓவர்."

அரண்மனையில் நான் மட்டும். முதல் நாள் என் ஒற்றன் காலி சிம்மாசனத்தைச் சுற்றி வந்து நகைச்சுவையாக நாலு வார்த்தை பேசினான். மறுநாள் கூண்டுக்கிளியிடம் பேசினான். அப்புறம் குதிரை லாயத்துக்குப் போய் அங்கேயும் பேசினான். நான் போட்டதையெல்லாம் நாலு பேரும் படித்துவிட்டார்கள் என்று நீல நிறக் குறி சொன்னது. பூஜையில் இருக்கிறவள், எல்லையில் இருக்கிறவர், தாய்வீட்டில் இருக்கிறவள், ஆழ்கடலில் இருக்கிறவன், அத்தனை பேரும் படிக்கிறார்கள். பதில் மட்டும் இல்லை.

அப்போதுதான் உறைத்தது. பள்ளிக்கூடம் லீவு, பரீட்சையெல்லாம் முடிந்துவிட்டது, அப்புறம் பூக்காரிக்கு என்ன தாய்வீடு? பெரிய படகே போகாதபோது ஐஸ் யாருக்கு? ஃபேக்டரி பூட்டிக் கிடக்கும் காலத்தில் படகோட்டிக்கு என்ன ஆழ்கடல்?

என் மனைவி குழம்பு ஊற்றும்போது கேட்டாள். "இன்னாத்துக்கு இப்டி மொறச்சிக்கினு ஒக்காந்துக்கற? உப்பு ஜாஸ்தியா?"

"நாலு பேரும் சேர்ந்து என்னமோ பண்றாங்க."

"எந்த நாலு பேரு?"

"ராணி, தளபதி..."

"சாப்புடு" என்றாள்.

அவள்மேலும் ஒரு சந்தேகம் விழுந்தது. டீச்சர் பின்தெரு. இரண்டு பேரும் ஒரே இடத்தில்தான் மாவு அரைக்கிறார்கள்.

மறுநாள் கடையைச் சாத்திவிட்டு வில்லியனூர் போனேன். ஒற்றன் வேலையை நிஜத்திலேயே தொடங்கிவிட்டேன் என்பதில் ஒரு கிளர்ச்சி இருந்தது, மறைக்க மாட்டேன். மருந்துக்கடைக்கு எதிரே கரும்புச்சாறு வண்டி மறைவில் நின்று பார்த்தேன். ராணியம்மா கைப்பேசியைப் பார்த்துச் சிரித்தார். கட்டைவிரல் இரண்டும் தறி மாதிரி ஓடின. ரசீது போடுகிறவர் அப்படிச் சிரிக்க மாட்டார். நான் படியேறியதும் கைப்பேசி குப்புறப் படுத்துக்கொண்டது.

"வாங்கண்ணா. இன்னா வேணும்?"

"தலவலி மாத்திர." கொஞ்சம் இடைவெளி விட்டுக் கேட்டேன். "பூஜை எப்டிப் போகுது?"

"இன்னா பூஜ?"

"ராணி பூஜைல இருக்காங்கல்ல?"

"ஆங்... அதா? போய்க்கினே இருக்குண்ணா." மாத்திரையை உறையில் போட்டு நீட்டினார். "சாப்ட்டப்புறம் போடுங்க. கொஞ்ச நாளைக்கு போனு அதிகமா பாக்காதீங்க."

போன் பார்க்காதே என்று ஏன் சொன்னார்? தலைவலிக்காகவா, வேறு எதற்காகவா? பேருந்தில் மூலக்குளம் போகும்வரை அதையே மென்றுகொண்டு போனேன்.

தளபதி மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். அம்பைக் கையால் பிடிக்கிற மனிதர் நிஜத்தில் நாற்காலியை விட்டு எழுவதற்கே இரண்டு முறை முயற்சி செய்ய வேண்டும்.

"வாய்யா ஒற்றரே! இன்னா இந்தப் பக்கம்? வூடு கட்றியா?"

"பாத்ரூமுக்கு மட்டும்" என்றேன். இது என் இரண்டாவது மாறுவேடம். "எல்லையில நெலவரம் எப்டி?"

"எந்த எல்ல? நம்ப கட எல்லையா? அந்தப் பக்கத்துக் காலி மனைக்காரன் ரொம்பப் பேசறான்பா." சொல்லிவிட்டுச் சட்டென்று நினைவு வந்தவராக, "ஆங், எல்லையா! செம சண்ட. நெறைய பேரு சாஞ்சிட்டானுங்க" என்றார்.

"உங்களுக்குக் காயம்?"

"எனக்கா?" என்று சிரித்தார். அதில் மட்டும் பொய் இல்லை.

ஒரு டைல்ஸை எடுத்துக் காட்ட அவர் திரும்பியபோது மேசைமேல் அவர் கைப்பேசி ஒளிர்ந்தது. எட்டிப் பார்த்தேன். ஒற்றன் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது? ஒரே ஒரு வரிதான் கண்ணில் பட்டது. "படகோட்டி நெடுநேரம் பேசினான்" என்று இருந்தது. அதற்குக் கீழே பத்தி பத்தியாக நீண்டது.

படகோட்டி பேசினானா? நெடுநேரமா? 'துடுப்பு போட்டான்' என்பதற்கு மேல் ஒரு சொல் செலவழிக்காத படகோட்டியா? என் இடத்தில் வேறு யாரையோ சேர்த்துவிட்டார்கள். அல்லது படகோட்டி பெயரில் வேறு எவனோ எழுதுகிறான். பிளான் பெரிதாக இருந்தது. சரக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

"வெல கொறச்சித் தரேன்யா!" என்று தளபதி கத்துவது ரோடு வரைக்கும் கேட்டது.

அப்படித்தான் மணப்பட்டுக்குப் போனேன். அங்கேதான் வஞ்சிரம் கேட்டேன். கூடையில் பொடிமீன் வைத்திருந்த ஓர் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தடக்காலத்துல வஞ்சிரமா? எந்த ஊரு நீ?"

"பாகூரு."

"பாகூர்ல காலண்டர் விக்கலியா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஐஸ் ஃபேக்டரியின் கதவில் பூட்டு தொங்கியது. கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகின் நிழலில், கால் நீட்டி, கைப்பேசியும் கையுமாக உட்கார்ந்திருந்தார் ஆழ்கடலுக்குப் போன எங்கள் படகோட்டி. என்னைக் கண்டதும் எழ முயன்று, முடியாமல், சிரித்துவிட்டார்.

"இன்னாண்ணா, கடலுக்குள்ளயே வந்துட்ட?"

"நாலு பேரும் எங்க எழுதறீங்க?"

"சும்மா ஒக்காருண்ணா."

"எவன் உன் பேர்ல எழுதறான்?"

அவர் முகத்திலிருந்து சிரிப்பு போனது. கைப்பேசியை நீட்டினார். இன்னொரு குழு. நான் இல்லாத குழு. நின்றபடியே படித்தேன்.

அதே கழிமுகம், அதே படகு. ராணி, "உன்னைப் பற்றி நீ எதுவும் சொன்னதில்லையே" என்கிறாள். படகோட்டி துடுப்பை எடுத்துப் படகுக்குள் வைக்கிறான். அவனுடைய அப்பாவைக் கொண்டுபோன நாளில் அவன் அம்மா உலையில் போட்ட அரிசி யாரும் இறக்காமல் குழைந்துபோனதைச் சொல்கிறான். அந்த வாசனை வந்தால் இன்றைக்கும் அவனால் சாப்பிட முடிவதில்லை என்கிறான். யாருடைய மகன் என்பதை அவன் சொல்லவே இல்லை. ராணிதான் மெல்ல மெல்லப் புரிந்துகொள்கிறாள். அந்தக் காட்சியில் ராணி நிலாவைப் பார்க்கவில்லை. அடுத்து வந்த சண்டையில் தளபதிக்குத் தோளில் காயம்பட்டு அவர் "ஆ" என்றுகூடக் கத்தியிருந்தார். பூக்காரி ஒரு இடத்தில் சிரித்திருந்தாள்.

இது எதுவும் எனக்குப் பிடிக்கக் கூடாது என்று இருந்தேன். பிடித்துவிட்டது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

"நீயா எழுதின?"

"நான்தாண்ணா. ரொம்ப நாளா மனசுலயே வெச்சிருந்தேன். அன்னிக்கி காலைலேர்ந்து அடிச்சி அடிச்சி அழிச்சிக்கினு இருந்தேன். போடலாம்னு பாக்கறேன், நீ தலைல பூவ வெச்சிக்கினு தண்ணிக்குள்ளேர்ந்து வர்ற."

தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். நல்லவேளை, பூ இல்லை.

"எல்லாருக்கும் கோவமா?"

"கோவம்லாம் இல்ல. எங்க போனாலும் நீ வர்றியேண்ணா! ராணி குளிக்கப் போனா கொளத்துப் படில ஒற்றன். தளபதி பூக்காரிகிட்ட மனச வுட்டுப் பேசலாம்னா கூடைக்கடில ஒற்றன். ஒரு ரகசியம் சொல்ல முடில. சொல்றதுக்கு முன்னாடியே ஒனக்குத் தெரிஞ்சிருக்கு."

"ஒற்றன்னா அப்டித்தானப்பா!"

"ஒற்றன்னா வெளிய தெரியக் கூடாதுண்ணா."

கைப்பேசியை இன்னும் மேலே தள்ளிப் பார்த்தேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். என் ஒற்றன் என்ன ஆனான்? அவனுக்கு ஒரு நல்ல சாவாவது கொடுத்தார்களா? விஷமா, வாளா, ராணியின் மடியில் தலை வைத்து ஒரு கடைசி ஜோக்கா? தேடித் தேடிக் கடைசியில் முதல் நாளிலேயே கிடைத்தது. ராணி எழுதியது: "ஒற்றனைக் காணவில்லை. யாரும் தேடவில்லை."

அவ்வளவுதான். அடுத்த வரியில் படகு கிளம்பிவிட்டது.

கரையோரமாகக் கொஞ்ச தூரம் நடந்தேன். பொடிமீன்கார அம்மா, "வஞ்சிரம் கெடச்சுதா?" என்று கேட்டார். கால் கிலோ பொடிமீன் வாங்கிக்கொண்டேன். வெறுங்கையோடு போனால் வீட்டில் இன்னொரு விசாரணை.

வீட்டில் மனைவி தன் தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். யாருக்கோ கல்யாணம் நிச்சயம் என்றாள். "அந்தப் பையனா? எனக்கு அப்பவே தெரியும்" என்று கூடத்திலிருந்து குரல் கொடுத்தேன். அவள் போனைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "இதோ, கேட்டியா? நான் அப்புறமா மாடிலேர்ந்து பேசறேன்" என்று தங்கையிடம் சொல்லிவிட்டுப் படியேறிப் போய்விட்டாள்.

மாடிக்கு அவள் எப்போதிலிருந்து போய்ப் பேசுகிறாள் என்று யோசித்துப் பார்த்தேன். ரொம்ப நாளாகத்தான் போகிறாள். துணி எடுக்கப் போகிறாள் என்று நினைத்திருந்தேன்.

பழைய குழுவில் இரண்டு நாள் வாயைக் கட்டி வைத்திருந்தேன். கிளி பிழைத்தது. மூன்றாம் நாள் முடியவில்லை. அந்தப் படகோட்டி அடுத்து என்ன சொல்லப் போகிறான் என்று தெரியாமல் கடையில் கணக்கு உதைத்தது. டிஏபி கேட்டவருக்கு யூரியாவைத் தூக்கிப் போட்டேன். என்னை அங்கே சேர்த்துக்கொள்ளாவிட்டால் அந்தக் கதை எனக்குத் தெரியாமலேயே எங்கோ முடிந்துவிடும். உண்மையில் என்னை அரித்தது அதுதான். ஒற்றன் காணாமல் போனதுகூட அவ்வளவு இல்லை.

வில்லியனூருக்குப் போய் மருந்துக்கடைப் படியேறினேன். இந்தத் தடவை மாறுவேடம் எதுவும் போடவில்லை.

"மணப்பட்டு போய்ட்டு வந்தேம்மா."

"சொன்னாரு." ராணியம்மா ஒரு பெரியவரின் மருந்துச் சீட்டைப் படித்துக்கொண்டே சொன்னார். கைப்பேசி இப்போது குப்புறப் படுக்கவில்லை. மறைக்க இனி என்ன இருக்கிறது?

"என்னையும் அந்தக் குரூப்ல சேத்துக்கோங்க."

"இடமில்லண்ணா."

"படிக்க மட்டும்."

"நீங்க படிச்சிட்டுச் சும்மா இருப்பீங்களா?"

நியாயமான சந்தேகம். இந்தக் கதையில் சந்தேகம் எல்லாம் எனக்கு மட்டுமே சொந்தம் என்று நினைத்திருந்தேன். "தோட்டக்காரனா வரேன்" என்றேன்.

"செடிக்குப் பின்னாடி ஒளிஞ்சிருப்பீங்க."

"குதிரையா வரேம்மா. தளபதியோட குதிரை. வாயில்லா ஜீவன்."

"கனைச்சிக்கினே இருப்பீங்கண்ணா."

மருந்து வாங்க வந்த பெரியவர் என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே சற்றுத் தள்ளி நின்றார். தளபதி, குதிரை என்றெல்லாம் கெஞ்சுகிற ஆளுக்கு எந்த மாத்திரை என்று அவர் யோசித்திருக்கலாம். ராணியம்மா அவருக்கு உறையில் காலை, இரவு என்று குறித்துக் கொடுத்து அனுப்பினார். நான் நகரவில்லை. கைப்பேசி ஒளிர்ந்தது. படகோட்டி ஏதோ எழுதியிருக்க வேண்டும். எட்டிப் பார்க்காமல் சுவரில் இருந்த இருமல் மருந்து விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தவம் அது.

ராணியம்மா அதைக் கவனித்தார் என்று நினைக்கிறேன். பேனாவைக் கீழே வைத்தார்.

"காணாமப் போனவன் செத்ததாவே இருக்கட்டும்மா" என்றேன். "ஒற்றன் பேயா வரட்டுமா?"

"பேசாத பேயா வாங்கண்ணா."